தொடக்கத்தை மட்டுமே தடுக்க முடியும்

ஓர் ஆலையில் இரண்டு இயந்திரங்கள். முதலாவது ஒரு பாகத்தைக் கடைந்து நடுவிலுள்ள தட்டில் தள்ளுகிறது. இரண்டாவது அதை எடுத்து அடுத்த வேலையைச் செய்கிறது. தட்டில் ஒரே ஒரு பாகத்துக்குத்தான் இடம். தட்டு நிரம்பியிருக்கும்போது இன்னொரு பாகம் வந்து மோதாமல் கணினி எப்படிப் பார்த்துக்கொள்ளும்?

'தட்டு நிரம்பியிருந்தால் பாகத்தைத் தள்ளாதே' என்று நிரல் எழுதிவிடலாம் என்று தோன்றும். இந்த இயந்திரத்திடம் அது செல்லாது. கடைசல் முடிந்தால் பாகம் தானாக வெளியே வந்துவிடும். மென்பொருளின் கையில் இருப்பது தொடக்கம் மட்டுமே. எனவே விதியை முன்னாலேயே வைக்க வேண்டும்: தட்டு காலியாக இருந்தால்தான் முதல் இயந்திரம் தொடங்கலாம்.

டொரன்டோ பல்கலைக்கழகத்தின் முர்ரே வோனமும் அவருடைய மாணவர் பீட்டர் ராமட்ஜும் 1980களில் உருவாக்கிய கோட்பாட்டின் அடிப்படை இதுதான். ஆலையில் நடக்கும் நிகழ்வுகளை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். தொடங்குவதைத் தடுக்கலாம்; வேலை முடிவதையோ, இயந்திரம் பழுதாவதையோ தடுக்க முடியாது. இந்தப் பிரிவினையையும் நமக்கு வேண்டிய பாதுகாப்பு நிபந்தனையையும் கொடுத்தால், கட்டுப்பாட்டு விதிகளைக் கணக்கிட்டே பெறலாம். அதுவும் தேவைக்கு மேல் ஒரு செயலைக்கூடத் தடுக்காத விதிகளாக. பயந்து எல்லாவற்றையும் நிறுத்திவைப்பது யாருக்கும் எளிது; இந்தக் கோட்பாட்டின் அழகு அந்தத் தாராளத்தில்தான் இருக்கிறது.

சிக்கல் எண்ணிக்கையில் வருகிறது. ஓர் இயந்திரத்துக்கு ஓய்வு, வேலை, பழுது என மூன்று நிலைகள்; தட்டுக்கு இரண்டு. இரண்டு இயந்திரங்களும் ஒரு தட்டும் சேர்ந்தால் மொத்தம் 3 × 3 × 2 = 18. இயந்திரங்கள் இருபதானால், தட்டுகளைச் சேர்க்காமலே 348 கோடிக்கு மேல் போய்விடும். அதனால் பெரிய ஆலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்தே கணக்கிடுகிறார்கள்.

விதி சரியாக இருந்தாலும் நேரம் தவறினால் பயனில்லை. ஆலையில் விதிகளை நிறைவேற்றும் பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கணினி, சென்சார்களைப் படித்து, நிரலை ஓட்டி, கட்டளையை வெளியிடும். பிறகு மீண்டும் முதலிலிருந்து. ஒரு சுற்றுக்கு 10 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்வோம். படித்து முடித்த மறுகணம் வரும் சமிக்ஞை அடுத்த சுற்றுவரை காத்திருக்கும். கட்டளை வெளிவர ஏறத்தாழ 20 மில்லிவினாடி ஆகலாம். வினாடிக்கு 1 மீட்டர் ஓடும் கன்வேயர் அதற்குள் 2 செ.மீ. நகர்ந்துவிடும். ஆகவே அந்த 2 செ.மீட்டருடன், கட்டளை கிடைத்தபின் கன்வேயர் முழுதாக நிற்க எடுக்கும் தூரத்தையும் கூட்டி, பாகம் நிற்க வேண்டிய இடத்துக்குக் குறைந்தது அவ்வளவு முன்னால் சென்சாரைப் பொருத்த வேண்டும்.