சுடச்சுட ஒரு தோசை



எங்கள் தெருவில் எங்களுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'ஓட்டல் ஜோடி!' நேரில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சனிக்கிழமை காலையில் நானும் என் வீட்டுக்காரரும் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றால், "இன்னிக்கு எந்த ஊரு சாப்பாடு?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அந்தச் சிரிப்பில் பாதி கேலி, பாதி ஏக்கம். ஏக்கம் இருப்பதால்தான் இதை எழுதத் தோன்றியது.

பாபநாசம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு பசு. அவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆனது 1989ல். எங்கள் ஜாதகத்தில் என்ன பொருத்தம் பார்த்தார்களோ தெரியாது, நாக்குப் பொருத்தம் மட்டும் பத்துக்குப் பத்து!

அப்போதெல்லாம் குடும்பப் பெண் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவது லேசான காரியமில்லை. கும்பகோணத்தில் ஓட்டல்களில் 'குடும்பத்தினருக்குத் தனி அறை' என்று போர்டு இருக்கும். திரைத்துணி தொங்கும். உள்ளே போய் உட்கார்ந்தால், தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று எனக்குக் கையெல்லாம் வேர்க்கும். இவர் பாட்டுக்கு, "ரெண்டு நெய் ரோஸ்ட், சூடா" என்று சொல்லிவிடுவார்.

அந்த முதல் தோசையை நான் மறக்கவே முடியாது. ருசிக்காக மட்டும் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள். நம் வீட்டில் நாம் வார்க்கிற தோசையில் சூடானது நமக்கு எப்போது கிடைத்திருக்கிறது? பிள்ளைகளுக்கு, அவருக்கு, பெரியவர்களுக்கு என்று கல்லில் நின்று வார்த்துப் போட்டுவிட்டு, கடைசியில் மாவு வழித்த பாத்திரத்தில் வந்த அரைத் தோசையை, ஆறிப்போன சட்னியோடு நின்றுகொண்டே விழுங்குவோம். வேறொருத்தர் சுட்டு, நம் முன்னால் தட்டில் கொண்டு வந்து வைத்து, "இன்னும் சாம்பார் வேணுமாம்மா?" என்று கேட்டால் அது வெறும் சாப்பாடா, சொல்லுங்கள்!

என் மாமியாருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "வீட்டுல அடுப்பு இல்லையா? காசு கொழுத்துப்போச்சா?" என்பார். நான் பதில் பேசியதில்லை. மாமனார் காலமான பிறகு அவர் வாசல்படி தாண்டுவதையே விட்டுவிட்டார். ஒரு தை மாதம் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனைக்கு, அவருக்குப் பாட்டு பிடிக்கும் என்பதால், வற்புறுத்தி அழைத்துப் போனோம். பஞ்சரத்தினக் கீர்த்தனை கேட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு சின்ன ஓட்டலில் நுழைந்தோம். "எனக்கு வேண்டாம், ஒரு வாய் காபி போதும்" என்றவர் முன்னால் இவர் ஒரு தோசையை வைத்துவிட்டார். அத்தை மெதுவாகப் பிய்த்து வாயில் வைத்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ஏன்டியம்மா, தோசை ஓரத்துல இப்படி மொறுமொறுன்னு இருக்குமா?" என்றார். ஐம்பது வருஷம் தோசை வார்த்த கை அது. அதற்குப் பிறகு எங்களை ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை. சில சமயம், "எனக்கும் சேத்து வாங்கிட்டு வாங்க" என்பார்.

நாங்கள் ஊட்டி, கொடைக்கானல் என்று போனதே இல்லை. எங்கள் சுற்றுலா எல்லாம் அறுபது எழுபது கிலோமீட்டருக்குள். இந்தப் பக்கத்து மண்ணுக்கு ஊருக்கு ஒரு பலகாரம் இருக்கிறதே, அது போதாதா? திருவையாறு என்றால் அசோகா. தஞ்சாவூர் என்றால் சந்திரகலா. நீடாமங்கலம் என்றால் பால்திரட்டு. சிதம்பரத்தில் நடராஜரைத் தரிசித்துவிட்டு, சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும். கும்பகோணத்தில் இட்லிக்கு கடப்பா. வெளியூர்க்காரர்கள் கடப்பா என்றால் ஆந்திராவில் ஊர் என்பார்கள். நமக்கு அது பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு, பச்சைமிளகாய் அரைத்து விட்டு, இறக்கியதும் எலுமிச்சம்பழம் பிழிகிற குழம்பு. தக்காளி நிறையப் போட்டு அதைக் குருமா ஆக்கிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

டிகிரி காபியும் அப்படித்தான். இப்போது எந்த நெடுஞ்சாலையில் போனாலும் 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டு. பித்தளை டபரா மட்டும் கும்பகோணம், பாலும் டிகாக்ஷனும் எந்த ஊரோ! தண்ணீர் கலக்காத பாலும், அப்போது இறங்கிய முதல் டிகாக்ஷனும் இல்லாமல் அந்தப் பெயரை வைக்கவே கூடாது.

சாப்பாட்டோடு கோயிலும் பார்ப்போம். கி.பி. 1010ல் ராஜராஜன் கட்டி முடித்த பெரிய கோயில், கும்பகோணத்தை ஒட்டி தாராசுரம், அப்புறம் தஞ்சை சரசுவதி மகால் நூலகம். இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்து அரண்மனைச் சமையலை மராத்தியில் எழுதி வைத்த 'சரபேந்திர பாகசாஸ்திரம்' அங்கேதான் இருக்கிறது. இதைக் கேள்விப்பட்டதும் இவருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, ராஜாவே சாப்பாட்டுக்குப் புத்தகம் எழுத வெச்சிருக்கார், நம்மள ஓட்டல் ஜோடிங்கறாங்க" என்றார்!

செலவுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பால் பணத்தில் தினமும் பத்து ரூபாய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவேன். மாதம் 300 ரூபாய். அதற்குள் முடிகிற பயணம்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதால், டிக்கெட் அவருக்கு மட்டும்தான். மிச்சமான காசு எனக்கு ஒரு காபி. கொச்சியில் டீக்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். நாளைக்கு 300 ரூபாய் எடுத்து வைத்து, போதாததற்கு வங்கியில் கடன் வாங்கி, 25 நாடுகளுக்கு மேல் பார்த்தவர்கள். 2021ல் ரஷ்யா போய் வந்த அடுத்த மாதம் விஜயன் காலமானார். அவர்களுக்கு உலகம், எங்களுக்குக் காவிரி ஓரம்.

எல்லாம் ஓட்டலிலேயே என்று நினைக்காதீர்கள். ஆடிப்பெருக்குக்கு என் கைச் சமையல்தான். புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், வடகம், மாவடு எல்லாம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவோம். காப்பரிசி, காதோலை, கருகமணி வைத்துக் கும்பிட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, வாழை இலையில் சாப்பிட்டால்... ஆனால் ஆற்றில் தண்ணீர் இருக்க வேண்டுமே! மேட்டூர் அணையை வழக்கப்படி திறக்க வேண்டியது ஜூன் 12. 2017ல் அக்டோபர் 2ல்தான் திறந்தார்கள். அந்த ஆடியில் கட்டுச்சோற்றை அவிழ்க்கவே மனசு வரவில்லை. 2024லும் ஜூலை 28 வரை தாமதம். ஆனால் மேலே கர்நாடகத்தில் கொட்டிய மழையில் இரண்டே நாளில் அணை 120 அடியைத் தொட்டது. ஆடிப்பெருக்குக்கு காவிரி கரை தொட்டு ஓடினாள். டெல்டாக்காரர்களுக்கு நல்ல சாப்பாடு என்பது இலையில் ஆரம்பிப்பதில்லை, மேட்டூரில் ஆரம்பிக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் இவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. சென்னையிலிருந்து மகள் போனில் அழுகை. "போதும்மா, இனிமே வெளியில எங்கயும் போகாதீங்க. நாக்கைக் கட்டுங்க" என்றாள். பிள்ளையின் பயம் நியாயம்தான். இவரும் முகம் சுண்டிப்போய், சனிக்கிழமை வந்தால் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பார். நான்கு வாரம் பார்த்தேன். சர்க்கரையைவிட அந்த மௌனம் அவரைத் தின்றுவிடும் போலிருந்தது. டாக்டரிடம் நானே போய்க் கேட்டேன். "வெளியே போகாதேன்னு நான் சொல்லலையேம்மா. அளவு பாத்து சாப்பிடச் சொன்னேன், நடக்கச் சொன்னேன். மாத்திரைய நேரத்துக்குப் போடச் சொன்னேன்" என்றார்.

அன்றே ஒரு சட்டம் போட்டேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து பெரிய கோயிலுக்கு நடைதான், ஆட்டோ கிடையாது. கோயில் வெளிப் பிராகாரத்தை நான்கு சுற்று. அதற்குப் பிறகுதான் ஓட்டல். ஒரு தோசை, இரண்டு பேர். காபி சர்க்கரை இல்லாமல். இனிப்பு மட்டும் என் பொறுப்பு: நான் வாங்கி, நான் சாப்பிட்டு, எப்படி இருந்தது என்று அவருக்கு வாயால் சொல்ல வேண்டும். "நெய் கம்மி, முந்திரி நல்லா வறுத்திருக்கான்" என்று நான் சொல்லச் சொல்ல, அவர் கண்ணை மூடிக் கேட்பதைப் பார்க்க வேண்டுமே! மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனைச் சீட்டை மகளுக்கு அனுப்பிவிடுகிறேன். போன தடவை அவள், "சரிம்மா, தஞ்சாவூர் வரைக்கும் போகலாம்" என்று அனுமதி கொடுத்தாள். யாருக்கு யார் அம்மா என்றே தெரியவில்லை.

வீட்டில் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு என் அசோகா அளவு: ஒரு டம்ளர் பாசிப்பருப்பை வறுத்துக் குழைய வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். அரை டம்ளர் கோதுமை மாவை நெய்யில் வாசனை வர வறுத்து, பருப்பைச் சேர்த்துக் கட்டியில்லாமல் கிளறி, இரண்டு டம்ளர் சர்க்கரை போடுங்கள். இளகி வரும், பயப்பட வேண்டாம். ஒரு டம்ளர் நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கேசரிப் பவுடர், ஏலக்காய், வறுத்த முந்திரி சேர்த்து, பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டதும் இறக்குங்கள். சூடாக முதல் கரண்டியை நீங்களே சாப்பிடுங்கள்.

சம்பா அறுவடை முடிந்ததும் மாசியில் வேதாரண்யம் போக உத்தேசம். 1930ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்த ஊரை இவர் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வருஷம் பாடமாக நடத்தியிருக்கிறார், கண்ணால் பார்த்ததில்லை. மகளிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் எண்ணெய் அதிகமில்லாமல் நல்ல மத்தியானச் சாப்பாடு கிடைக்கிற இடம் தெரிந்த சகோதரிகள், இந்தப் பகுதிக்கே இரண்டு வரி எழுதிப் போடுங்களேன்.

- ஒரு வாசகி, பாபநாசம்