பால் ஆலைக் கழிவுநீரும் வெயில் வைத்தியமும்



மரம் வெட்டுகிறவர்களுக்கு அமோனியாவை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. கித்தாப் பால் உறையாமல் இருக்க அதைக் கலக்கிறார்கள். செறிவாக்கிய பாலில் நூற்றுக்கு 0.7 பங்கு வரை சேர்ப்பதுண்டு. ஆலையில் பாலைச் சுழற்றிப் பிரித்த பிறகு மிஞ்சுகிற தண்ணிப் பாலைக் கந்தக அமிலம் ஊற்றி உறைய வைக்கிறார்கள். அப்போது வாடை குறைந்துவிடும். ஆனால் அமோனியா எங்கேயும் போய்விடவில்லை. உப்பாக மாறிக் கழிவுநீரிலேயே கரைந்து கிடக்கிறது.

அது ஆற்றில் கலந்தால் மீன் சாகும் என்பது எல்லாரும் அறிந்ததே. குழாய்த் தண்ணீருக்கு வரும் தொல்லைதான் பலருக்குத் தெரியாது. கிருமியைக் கொல்லப் போடுகிற குளோரினை அமோனியா பிடித்துத் தின்றுவிடும். ஒரு பங்கு அமோனியாவுக்கு ஏறத்தாழ 8 முதல் 10 பங்கு குளோரின் வீணாகும். 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அமோனியா மிஞ்சிப் போய், சுத்திகரிப்பு நிலையங்களையே மூட வேண்டியதாயிற்று.

கித்தா ஆலைக் கழிவுநீருக்கு 1978-லேயே தனி விதிகள் வந்துவிட்டன. குளம் வெட்டி, நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்தம் செய்வதுதான் பழகிய வழி. இதற்கு இடமும் வேணும், நாளும் ஆகும். அதனால்தான் ஒளியால் வேலை செய்யும் வினையூக்கி பற்றி இப்போது ஆராய்கிறார்கள். நம் பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகத்திலும் இந்த ஒளிமுறையைக் கழிவுநீரில் சோதித்திருக்கிறார்கள்.

மருந்து புதிதல்ல. வெள்ளைப் பெயிண்டில் சேர்க்கிற டைட்டானியம் டையாக்சைடு தூள்தான். அதன்மேல் ஒளி பட்டால் தண்ணீரையே பிரிக்கும் சக்தி வருகிறது என்று 1972-இல் ஜப்பானியர் புஜிஷிமாவும் ஹோண்டாவும் எழுதினார்கள். அதே சக்தி அமோனியாவையும் உடைக்கும். தூள் கரைந்து போகாது; வடித்தெடுத்துத் திரும்பவும் போடலாம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்தத் தூளுக்குப் புற ஊதாக் கதிர் வேணும். வெயிலில் அது நூற்றுக்கு 5 பங்குதான். கலங்கிய கழிவுநீருக்குள் ஒளி இறங்காது. அமிலத் தண்ணீரில் வேலை மந்தம்; முதலில் சுண்ணாம்பு போட்டுக் காரமாக்க வேண்டும்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. உடைந்த அமோனியா என்னவாக ஆகிறது? நைட்ரஜன் வாயுவாகக் காற்றில் போய்விட்டால் தொல்லையில்லை. ஒரு பகுதி நைட்ரைட், நைட்ரேட் ஆகித் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. நுண்ணுயிர்க் குளத்திலும் இது நடப்பதுண்டு. அமோனியா போய்விட்டது என்று ஆலைக்காரர் சொன்னால், நைட்ரேட் எவ்வளவு என்று கேளுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். நைட்ரேட் மிஞ்சிய தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும். நம் பெண்கள் கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறோம் என்பார்கள். கொதித்தால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். ஆலைக் கால்வாய்க்குப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் பிள்ளைக்குப் பால் கலக்காதீர்கள். தாய்ப்பால் இருக்கிறவர்கள் அதையே கொடுங்கள். பிள்ளையின் உதடும் நகமும் நீலம் பாய்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எந்தத் தண்ணீர் கொடுத்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.