காலி கோட்டை: மதில் சொல்லும் பாடம்

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. தென்னிலங்கையின் காலி கோட்டைக்குச் செல்லும் நம் குடும்பங்கள் பலவும் கலங்கரை விளக்கத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. அந்த மதிலோ நம் சமுதாயத்துக்குச் சொல்ல நிறைய வைத்திருக்கிறது.

மதிலுக்கு முன்பே நாம்

உலகப் பயணி இப்னு பதூதா 1344ல் இலங்கைக்கு வந்தபோது காலிக்கும் சென்றார். அங்கே இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் தம் இல்லத்தில் அவருக்கு விருந்தளித்தார். போர்ச்சுக்கீசியர் இங்கு அரண் எழுப்பியது 1588ல். ஆக, கோட்டை வருவதற்கு 240 ஆண்டுகளுக்கு முன்பே, வந்த விருந்தாளியை வரவேற்க இத்துறைமுகத்தில் ஒரு முஸ்லிம் வீடு இருந்திருக்கிறது.

1911ல் காலியில் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல்வெட்டும் இதற்குச் சான்று. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு அது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டது. இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொழும்பு வழியே செல்வோர் பிள்ளைகளுக்கு அதையும் காட்டலாம்.

கட்டியவர்கள் போனார்கள்

1640ல் டச்சுக்காரர்கள் காலியைக் கைப்பற்றினார்கள். கருங்கல்லும் பவளப்பாறையும் சேர்ந்த இன்றைய மதில் பெரும்பாலும் அவர்கள் கட்டியது. தரைப்பக்கம் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயரிட்ட மூன்று பெரிய கொத்தளங்கள்; மற்றப் பக்கங்களில் கடல். பழைய வாசலின் உட்புறத்தில் 1669 என்ற ஆண்டுடன் டச்சுக் கம்பெனியின் சின்னம் இருக்கிறது. அதே வாசலின் வெளிப்புறத்தில் 1796ல் வந்த ஆங்கிலேயரின் சின்னம். ஒரு வாசலுக்கு இரண்டு முதலாளிகள். இருவருமே இன்று இல்லை.

அவர்கள் காலத்தில் நம்மவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1626ல் போர்ச்சுக்கீசியர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்ற ஆணையிட்டார்கள். அகதிகளாக வந்தோரைக் கிழக்குக் கரையில் குடியமர்த்திக் காத்தவர் கண்டியின் பௌத்த மன்னர் செனரத். இந்த நன்றியை நாம் மறக்கக்கூடாது. டச்சுக்காரர் காலத்திலும் வணிகத்துக்கும் நில உரிமைக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. ஆங்கிலேயர் காலத்தில்தான் முஸ்லிம் வணிகர்கள் கோட்டைக்குள் வீடுகளை வாங்கிப் பெருகினார்கள். கலங்கரை விளக்கத்தின் அருகே, தூரத்தில் பார்த்தால் தேவாலயம் போலத் தெரியும் வெண்ணிற மீரான் ஜும்ஆ பள்ளி அவர்கள் விட்டுச்சென்ற அடையாளம்.

2004 டிசம்பர் 26

சுனாமி வந்த அன்று, மதிலுக்கு வெளியே காலி நகரின் பேருந்து நிலையமும் கிரிக்கெட் மைதானமும் சிதைந்தன. எத்தனையோ உயிர்கள் போயின. மதிலுக்கு உள்ளே இருந்தோர் பெருமளவில் தப்பினார்கள். 'உள்ளே இருந்தவர்கள் நல்லவர்கள், அதனால் தப்பினார்கள்' என்று சிலர் பேசுவதுண்டு. அப்படிப் பேசுவது தவறு. நீரில் மூழ்கி இறந்த முஃமின் ஷஹீதின் அந்தஸ்தைப் பெறுவார் என்பது நபி (ஸல்) அவர்கள் தந்த நற்செய்தி. தப்பியவருக்கு அது சோதனையும் அமானிதமும் ஆகும்.

இப்போது வரும் அலை

1988ல் யுனெஸ்கோ இக்கோட்டையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. சுற்றுலா வளர்ந்தது, வீடுகளின் விலையும் ஏறியது. பல வீடுகள் வெளியார் கைக்கு மாறி விடுதிகளாகவும் உணவகங்களாகவும் ஆகிவிட்டன. கடலைத் தடுத்த மதிலால் இந்த அலையைத் தடுக்க முடியவில்லை.

விற்றவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. பாட்டன் வீட்டுக்குப் பத்து வாரிசுகள் இருந்தால், அவரவர் பங்கைக் கொடுத்தே ஆகவேண்டும்; அது மார்க்கக் கடமை. வீட்டைத் துண்டு போட முடியாதபோது விற்பதே வழி என்றாகிவிடுகிறது. ஆனால் வேறு வழிகளும் உண்டு. ஒரு வாரிசு மற்றவர்களின் பங்கை நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். எல்லா வாரிசுகளும் ஒப்பினால் வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். வசதியுள்ளவர் உயிரோடிருக்கும்போதே ஓர் அறையையோ கடையையோ பள்ளிக்கு வக்ஃபு செய்யலாம். இவை காலிக்கு மட்டுமல்ல, பழைய வீடுகள் உள்ள நம் ஒவ்வொரு மஹல்லாவுக்கும் பொருந்தும்.

செல்வோர் கவனத்துக்கு

மதிலில் நடக்கக் கட்டணம் இல்லை. வெயில் தாழ்ந்தபின், அஸர் தொழுதுவிட்டு நடப்பது நல்லது. பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது. பிள்ளைகளின் கையை விடாதீர்கள். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் இறங்கி மீரான் பள்ளிக்குச் செல்லுங்கள்.

அந்த ஸஃப்பில் உங்கள் பிள்ளைகளையும் நிறுத்துங்கள். பேரரசுகள் கட்டிய மதில் கல்லாக நிற்கிறது. நம் வரலாறு அந்த ஸஃப் நிறைவதில்தான் உயிரோடு நிற்கும்.