செத்துப் பிழைத்த பிறகு

மரணத்தின் வாசல்வரை போய்த் திரும்பியவரைத் தமிழில் ‘செத்துப் பிழைத்தவர்’ என்பார்கள். ‘கண்டம் தப்பியது’ என்று வீட்டுப் பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். ‘இனி இது மறுபிறவி’ என்ற பேச்சு கேட்காத மருத்துவமனை வராந்தா இருக்காது. இந்தச் சொற்களுக்குள் ஓர் எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கிறது: பழைய ஆள் போய்விட்டார், திரும்பி வந்திருப்பவர் புதியவர். மாரடைப்போ, சாலை விபத்தோ, பாம்புக்கடியோ, வெள்ளமோ, எந்த வழியாகப் போய்த் திரும்பினாலும் உற்றாரின் இந்த எதிர்பார்ப்பு மாறுவதில்லை. பிழைத்தவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வகையில் மாறவும் செய்கிறார்கள். ஆனால் அந்த மாற்றத்தில் பெரும்பகுதி சாவைக் கண்ட நொடிக்குப் பின்வரும் மாதங்களிலும் வருடங்களிலும்தான் நடக்கிறது. எந்தத் திசையில் நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடிவதில்லை.

ரஷ்ய எழுத்தாளர் தாஸ்தயெவ்ஸ்கியின் கதை இதற்கு நல்ல சான்று. பெத்ரஷெவ்ஸ்கி என்பவர் வீட்டில் கூடி, தடைசெய்யப்பட்ட எழுத்துகளைப் படித்து விவாதித்த குழுவில் இருந்ததற்காக 1849 ஏப்ரலில் அவர் கைதானார். எட்டு மாதக் கோட்டைச் சிறைக்குப் பின், அன்றைய ரஷ்ய நாட்காட்டிப்படி டிசம்பர் 22 காலையில், குழுவினரில் தண்டனை பெற்றவர்கள் பீட்டர்ஸ்பர்க்கின் செமியோனவ்ஸ்கி சதுக்கத்தில் நிறுத்தப்பட்டார்கள். மரண தண்டனை வாசிக்கப்பட்டது. வெள்ளை அங்கி போர்த்தினார்கள். முத்தமிடச் சிலுவையை நீட்டினார்கள். முதல் மூவரைக் கம்பங்களில் கட்டினார்கள். அடுத்த மூவரில் ஒருவராக தாஸ்தயெவ்ஸ்கி காத்திருந்தார். அப்போது அவருக்கு வயது 28. துப்பாக்கிகள் குறிபார்த்த பிறகுதான் ஜார் மன்னரின் கருணை ஆணை வந்து சேர்ந்தது. தண்டனையை முன்பே குறைத்துவிட்டு, பயங்காட்டுவதற்காகவே மன்னர் நடத்திய நாடகம் அது.

அன்றே அண்ணன் மிகயீலுக்கு அவர் எழுதிய கடிதம் பரவசத்தில் நனைந்தது. வாழ்க்கை ஒரு வரம், ஒவ்வொரு நிமிடத்தையும் ஒரு யுகமாக வாழ முடியும், இத்தனை காலத்தை வீணாக்கிவிட்டேனே என்கிற தொனி அதில் இருக்கிறது. அதன்பின் ஓம்ஸ்க் நகரத்தில் நான்கு ஆண்டு விலங்கு பூட்டிய கடுங்காவல், பிறகு எல்லைப்புறப் படையில் கட்டாய ஊழியம். ஐரோப்பா போக வாய்த்தபோது அந்த மனிதர் சூதாட்ட மேசைகளில் இரவு பகலாக உட்கார்ந்தார். மனைவியின் நகைகளும் உடைகளும் அடகுக்கடைக்குப் போயின. 1871இல்தான் அந்தப் பழக்கம் விட்டது. ‘அசடன்’ நாவலில் இளவரசன் மிஷ்கின் இதே கொலைமேடைக் கதையைச் சொல்கிறான். தப்பியவர் அப்புறம் ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணி வாழ்ந்தாரா என்று கேட்கும் பெண்ணுக்கு, இல்லை, அவரும் எத்தனையோ நிமிடங்களை வீணடித்தார் என்ற பதில்தான் கிடைக்கிறது. தன்னைத்தானே இவ்வளவு நேர்மையாகக் காட்டிக்கொடுத்த எழுத்தாளர்கள் குறைவு. பெரிய நாவல்களும் சூதாட்டமும் ஒரே ஆளிடமிருந்து, அந்த ஒரே காலைப்பொழுதுக்குப் பின் வந்தவை. கம்பத்தில் கட்டப்பட்டிருந்த மூவரில் கிரிகோரியெவ் என்ற இராணுவ அதிகாரிக்கோ மனநிலை பிறழ்ந்தது. அவர் தேறவே இல்லை.

சாவு நெருங்கும் அந்தக் கணத்தில் மனத்துக்குள் என்ன ஓடுகிறது என்பதை முறையாகத் தொகுத்த முன்னோடிகளில் ஒருவர் சுவிட்சர்லாந்தின் நிலவியலாளர் ஆல்பர்ட் ஹைம். 1871இல் செண்டிஸ் மலையில் தவறி விழுந்து பிழைத்தவர் அவர். தன்னைப் போல் விழுந்து தப்பிய மலையேறிகளையும் கட்டட வேலையாட்களையும் தேடித்தேடிக் கேட்டு, 1892இல் தன் தொகுப்பை வெளியிட்டார். விழும்போது வலியும் பயமும் தெரியவில்லை, மனம் வியப்பான அமைதியில் இருந்தது, பழைய வாழ்க்கை காட்சி காட்சியாக ஓடியது என்று அநேகமாக எல்லோரும் சொன்னார்கள். 1975இல் அமெரிக்க மருத்துவர் ரேமண்ட் மூடியின் புத்தகம் வந்த பின், ‘மரண விளிம்பு அனுபவம்’ உலகெங்கும் பேசுபொருளானது: உடலைவிட்டு மிதப்பது, இருட்டுச் சுரங்கத்தின் முடிவில் ஒளி, இறந்துபோன உறவினர் எதிரே வருவது.

பரபரப்பு அடங்கிய பிறகு கணக்கெடுப்பு வந்தது. நெதர்லாந்தின் இதய மருத்துவர் பிம் வான் லொம்மலும் சக ஆய்வாளர்களும் பத்து மருத்துவமனைகளில், இதயம் நின்று மீட்கப்பட்ட 344 பேரை ஆராய்ந்து 2001இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். அப்படி ஏதேனும் அனுபவம் நேர்ந்ததாகச் சொன்னவர்கள் 62 பேர், அதாவது 18 விழுக்காடு. மற்றவர்களுக்கு எந்த நினைவும் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்தும் எட்டு ஆண்டுகள் கழித்தும் ஆய்வாளர்கள் மறுபடி போய்க் கேட்டதுதான் இந்த ஆய்வின் பலம். அனுபவம் பெற்றவர்களுக்குச் சாவு பயம் குறைந்திருந்தது, பிறர்மீது கரிசனம் கூடியிருந்தது. ஆனால் அந்த மாற்றம் நிலைபெறப் பல ஆண்டுகள் பிடித்தன. ஒளியும் சுரங்கமும் காணாதவர்களும் எட்டாம் ஆண்டில் ஓரளவு மாறித்தான் இருந்தார்கள்.

காண்பது என்ன என்பதை ஊர் தீர்மானிக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் சத்வந்த் பஸ்ரிச்சாவும் அமெரிக்காவின் இயன் ஸ்டீவன்சனும் இந்தியாவில் சேகரித்த 16 பேரின் கதைகளை 1986இல் வெளியிட்டார்கள். அவற்றில் யமதூதர்கள் வருகிறார்கள். பேரேடு வைத்திருக்கும் ஒருவர் முன் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். பார்த்தால் ஆள் மாறிவிட்டது, வேறொருவரைக் கூட்டிவந்திருக்கிறார்கள். திருப்பி அனுப்பு என்று உத்தரவாகிறது. மேல்நாட்டவரை ‘உனக்கு இன்னும் கடமை பாக்கி இருக்கிறது’ என்று பாசமுள்ள உறவினர் திருப்பி அனுப்ப, நம்மவரை அலுவலகக் குளறுபடி காப்பாற்றிவிடுகிறது. நம் அரசு அலுவலகங்களுக்கு அலைந்து பழகியவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

மறுபிறவிப் பேச்சில் அடிபட்டுப் போவது உடம்பு. தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள் கணக்கில் மயக்கத்திலும் செயற்கைச் சுவாசத்திலும் கிடந்து மீள்கிறவருக்குத் தசைகள் கரைந்திருக்கும். ஞாபகம் தடுமாறும், இரவில் தூக்கம் இருக்காது. அமெரிக்காவில் அப்படி மீண்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியான ஆய்வில், மூன்று மாதங்களுக்குப் பிறகும் 40 விழுக்காட்டினரின் சிந்தனைத் திறன், தலையில் ஓரளவு பலத்த அடிபட்டவரின் அளவில்தான் இருந்தது. அறுபது வயதுக்காரர் கணக்குச் சொல்லத் தடுமாறுவதைப் பார்த்து, ‘உயிர் பிழைச்சதே பெரிசு, இன்னும் என்ன மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு’ என்று வீட்டார் சொல்வது அறியாமையால்தான், ஆனாலும் சுடும். விபத்தில் தப்பியவர் பிரேக் சத்தம் கேட்டால் உறைந்துபோவதும், மாரடைப்பு வந்தவர் சாதாரண வாய்வுப் பிடிப்புக்கே நடுராத்திரியில் ஆட்டோ பிடித்து ஓடுவதும் பிழைத்ததன் விளைவுகளே. பேரதிர்ச்சிக்குப் பின்வரும் இந்த மனநோய்க்கு 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனிப் பெயர் கிடைத்தது. அதற்கு முன் கோழைத்தனம் என்றும் நரம்புத் தளர்ச்சி என்றும் அதைத் தள்ளிவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் நல்ல மாற்றமும் நடக்கிறது. எப்படி? ‘உலகம் மோசமில்லை, காரணமில்லாமல் எதுவும் நடக்காது, எனக்கு ஒன்றும் ஆகாது’ என்ற கண்ணுக்குத் தெரியாத அஸ்திவாரத்தின்மேல்தான் மனிதர் அன்றாடம் நடமாடுகிறார், பேரிடர் அதைத்தான் நொறுக்குகிறது என்று உளவியலாளர் ரானி ஜானஃப்–புல்மன் 1992இல் விளக்கினார். வட கரோலினாவின் ரிச்சர்ட் டெடஸ்கியும் லாரன்ஸ் கால்ஹூனும் அடுத்த படிக்குப் போனார்கள். பூகம்பத்தில் இடிந்த வீட்டை முன்பைவிடப் பலமாகக் கட்டுவதுபோல் சிலர் தங்களைத் திரும்பக் கட்டிக்கொள்கிறார்கள் என்றார்கள். உறவுகளில் நெருக்கம், புதிய வழிகள், ‘இதையே தாங்கினேன்’ என்ற உரம், ஆன்மிக நாட்டம், சின்னச் சின்ன விஷயங்களின் அருமை ஆகிய ஐந்து திசைகளில் அந்த வளர்ச்சியை அளக்க 1996இல் 21 கேள்விகள் கொண்ட அளவுகோலை வகுத்தார்கள். வளர்ச்சியைத் தருவது விபத்து இல்லை, அதற்குப் பிந்தைய மல்லுக்கட்டு என்பதை அவர்கள் அழுத்திச் சொன்னார்கள். மேடைப் பேச்சாளர்கள் இந்தப் பகுதியை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

இந்த அளவுகோலைப் பற்றியும் சந்தேகம் உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் பட்ரீசியா ஃப்ரேசியர், மாணவர்களைத் துயர நிகழ்ச்சிக்கு முன்பும் பின்பும் அளந்து பார்த்து 2009இல் எழுதினார். ‘நான் வளர்ந்துவிட்டேன்’ என்று அவர்கள் சொன்னதும், அளவீட்டில் தெரிந்த மாற்றமும் பெரும்பாலும் பொருந்தவில்லை. வளர்ச்சி என்று சொல்வது சிலருக்குக் காயத்தின் மேல் போட்ட கட்டு. அதைப் பொய் என்று ஒதுக்கவும் வேண்டியதில்லை. கட்டுக்கும் வேலை இருக்கிறது.

சாவைத் தொட்டு வந்தவர்கள் தெரிந்தவர் அறிந்தவர் கூட்டத்தைக் குறைத்துக்கொண்டு, வேண்டியவர்கள் பக்கம் சாய்வது பொதுவாகக் காணப்படும் மாற்றம். இதற்கு ஒரு கோட்பாடே உண்டு. அதை வகுத்த ஸ்டான்ஃபர்டு பேராசிரியர் லாரா கார்ஸ்டன்சன் தம் 21 வயதில் கார் விபத்தில் சாகக் கிடந்தவர். எலும்பு முறிவுப் பிரிவில் மாதக்கணக்கில் கிடந்தபோது பக்கத்துக் கட்டில்களில் மூதாட்டிகள். இளம்பெண்ணான தனக்கும் அவர்களுக்கும் மனநிலை ஒன்றாகவே இருப்பதை அங்கே கவனித்தார். முன்னால் இருக்கும் காலம் குறுகியது என்று உணர்கிறவர், வயது என்னவானாலும் புதிய அறிமுகங்களை விட்டுப் பழைய பாசங்களைத் தேடுகிறார் என்று பின்னாளில் வாதிட்டார். 1997இல் ஹாங்காங் சீனாவிடம் கைமாறவிருந்த சமயத்தில், ஏதோ ஒன்று முடியப்போகிறது என்ற உணர்வில் அங்கே இளைஞர்களும் முதியவர்களைப் போலவே உறவினர்களை நாடினார்கள். கைமாற்றம் முடிந்து ஓராண்டானதும் இளைஞர்கள் மறுபடி இளைஞர்களாகிவிட்டார்கள். மருத்துவமனையில் சிகரெட்டைத் தலைமுழுகியவர் ஆறாவது மாதம் பெட்டிக்கடை முன் நிற்பதும் இந்த வகைதான். காலம் மீண்டும் நீண்டு தெரிந்தால் பழைய ஆள் திரும்பி வருகிறார்.

புதிய வழியைப் பிடித்து நிலைத்தவர்களும் இருக்கிறார்கள். 1972 அக்டோபரில் ஆண்டிஸ் பனிமலையில் விழுந்த உருகுவே விமானத்தில் இருந்த 45 பேரில் 16 பேர் 72 நாள்கள் கழித்து மீண்டார்கள். உதவி தேடி மலையேறி நடந்த இருவரில் ஒருவரான மருத்துவ மாணவர் ராபர்ட்டோ கனேசா, பிறகு குழந்தைகளின் இதய நோய் மருத்துவரானார். மற்றவரான நாண்டோ பராடோ அந்த விபத்தில் தாயையும் தங்கையையும் இழந்தவர். அவர் கார்ப் பந்தயம், தொலைக்காட்சி, வணிகம் என்று போனார். ஒரே மலை, ஒரே நடை, இரண்டு தனி வாழ்க்கைகள்.

தனியே தப்பித்தவரின் பாடும் ஊரோடு சேர்ந்து தப்பித்தவரின் பாடும் ஒன்றில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மிஞ்சியவர்களில் பலருக்குப் பிழைத்ததே குற்றமாக உறுத்தியது. பிடித்திருந்த கை நழுவியது ஏன், தான் மட்டும் மரக்கிளையைப் பற்றியது ஏன் என்ற கேள்விகள் விடவில்லை. கடலையே நம்பிய மீனவருக்கு அதே கடலுக்குள் மறுபடி இறங்க வேண்டிய கட்டாயம் வேறு. பிள்ளைகளை இழந்த தாய்மார்களில், குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்டவர்களுக்குக் கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சையை அரசு இலவசமாகச் செய்தது. அதன்பின் பிறந்த குழந்தைகள் சிலருக்கு இறந்துபோன பிள்ளைகளின் பெயரையே வைத்தார்கள்.

நோயோ விபத்தோ இல்லாமல், சாவு வந்துவிட்டது என்ற திடுக்கிடலே வாழ்க்கையைத் திருப்பிய வரலாறும் தமிழகத்தில் உண்டு. 1896 ஜூலையில் மதுரையில் சிற்றப்பா வீட்டில் இருந்த 16 வயது வேங்கடராமனைத் திடீரென்று மரண பயம் பிடித்தது. மருத்துவரைத் தேடி ஓடாமல், பிணம்போல் கை கால்களை விறைத்து, வாயை மூடிப் படுத்து, சாவதென்றால் எது சாகிறது என்று அவர் பார்த்தார். செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர் பிறகு அந்த ஊரைவிட்டு நகரவே இல்லை.

சாவைப் படுத்துப் பார்க்கும் இந்தக் காரியத்தை ஊரறியச் செய்யும் சடங்கு கும்பகோணத்துக்கு அருகே வலங்கைமானில் இருக்கிறது. அங்குள்ள மகாமாரியம்மன் கோயிலில் பங்குனித் திருவிழாவின்போது எடுக்கும் பாடைக் காவடி, பிழைக்க மாட்டார் என்று கைவிடப்பட்டு மீண்டவர்களின் நேர்த்திக்கடன். ஆற்றில் குளித்த ஈரம் காயாமல், பச்சை மூங்கிலில் கட்டிய பாடையில் மீண்டவர் பிணம்போல் படுக்கிறார். நெற்றியில் திருநீறு பூசுகிறார்கள், கை கால்களைக் கட்டுகிறார்கள். உறவினர் ஒருவர் தீச்சட்டி ஏந்தி முன்னே நடக்க, பறை முழங்க, நால்வர் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருகிறார்கள். நோயாளி கிடந்த நாள்களில் வாய்விட்டு அழ முடியாமல் அடக்கிய குடும்பத்துக்கும் அப்போதுதான் அழுகை வருகிறது. மருத்துவமனையில் கையெழுத்து வாங்கி, பில் கட்டச் சொல்லி, மாத்திரைச் சீட்டோடு அனுப்பிவிடுகிறார்கள். இங்கே ஒருவர் செத்ததும் பிழைத்ததும் ஊர் முன்னிலையில் பதிவாகிறது. சுற்று முடிந்ததும் பாடையை இறக்குகிறார்கள். பூசாரி தீர்த்தம் தெளிக்கிறார், கட்டுகளை அவிழ்க்கிறார்கள். படுத்திருந்தவர் எழுந்து, பாடையை அங்கேயே விட்டுவிட்டு, தன்னைத் தூக்கி வந்தவர்களோடு வீட்டுக்கு நடக்கிறார்.