மலையை உயர்த்தும் பிளவு

படிவுப் பாறைகளில் பழைய அடுக்கு கீழும் புதிய அடுக்கு மேலும் இருப்பதே இயல்பு. இமயமலையிலோ பல இடங்களில் பழைய பாறை புதிய பாறையின்மேல் ஏறி அமர்ந்திருக்கிறது. இது எவ்வாறு நேர்ந்தது?

மேசைமீது சீட்டுகளைப் பரப்பி, இருபுறமும் கைவைத்து நெருக்கிப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அதுபோல, சுமார் 5 கோடி ஆண்டுகளாக இந்திய நிலத்தட்டு ஆசியத் தட்டை நெருக்கி வருகிறது. அழுத்தம் தாங்காத பாறை சாய்வாக உடைகிறது. மேற்பகுதி கீழ்ப்பகுதியின்மேல் வழுக்கி ஏறுகிறது. இதுவே உந்துப் பிளவு. இவ்வாறு ஏறியும் மடிந்தும் இமயம் உயர்ந்தது. எவரெஸ்ட் உச்சியில் கடல் உயிரிகளின் எச்சங்கள் காணப்படுவதும் இதனாலேயே.

இமயத்தின் குறுக்கே நெருக்கம் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ.தான். ஆனால் ஏற்றம் சீராக நிகழ்வதில்லை. உராய்வினால் பிளவு பூட்டிக்கொள்கிறது; பாறை வில்லைப்போல் வளைந்து ஆற்றலைச் சேமிக்கிறது. பூட்டு விடுபடும்போது நிலம் அதிர்கிறது. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் நிகழ்ந்தது இதுவே. காத்மாண்டுப் பகுதி சில நொடிகளில் சுமார் 1 மீட்டர் உயர்ந்தது. ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர்.

பிளவின் தென்பகுதி அன்று நகரவில்லை. அங்கே ஆற்றல் இன்னும் சேர்ந்தவண்ணம் உள்ளது. மலை வளர்வதை நிறுத்த இயலாது. அதிர்வைத் தாங்கும் வீடுகளைக் கட்ட இயலும்.