கடலின் ஆழம் காணும் கப்பல்கள்

எங்கள் ஊர் துறையூர். பெயரில் துறை இருக்கிறதே தவிர, கடல் இல்லை. கண்ணுக்கு எட்டுவது பச்சைமலைதான். "சமுத்திரத்தின் அடியை அளந்து நமக்கு ஆகவேண்டியது என்ன?" என்று இங்கே ஒருவர் கேட்டால் நியாயமாகவே தோன்றும்.

அக்கேள்விக்கு 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி விடை கிடைத்தது. அன்று காலை ஏறக்குறைய ஆறரை மணிக்குச் சுமத்ரா தீவின் அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. பேரலை நாகப்பட்டினத்தை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு அவகாசம் இருந்தும், "கரையை விட்டு ஓடுங்கள்" என்று சொல்ல ஓர் ஏற்பாடும் அப்போது இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஆயிரக்கணக்கான உயிர்கள் மாண்டன.

இத்தகைய அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தின்மேல் அது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு அதிகமாகப் பாயும். 100 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் சுமார் 110 கிலோமீட்டராகத் தளரும். ஆனால் உயரம் ஏறிவிடும். ஆகவே எந்தக் கரையை எப்போது எட்டும் என்று சொல்ல, கடலடியின் மேடு பள்ளம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதை அளந்து வைப்பவை இக்கப்பல்கள்.

முற்காலத்தில் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். இப்போது கப்பலின் அடியிலிருந்து ஒலியை அனுப்புகிறார்கள். கடல் நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். எதிரொலி 4 வினாடியில் திரும்பினால் ஆழம் 3,000 மீட்டர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்குத்தான்!

நம் கரைகளை அளக்க 1874-இல் கல்கத்தாவில் ஏற்பட்ட இலாகா அன்னியர் ஆட்சியினது. சுதந்திரத்துக்குப் பின் அந்தக் காரியாலயம் 1954-இல் டேராடூனுக்குப் போயிற்று. கடலை அளப்பவர்கள் இமயமலை அடிவாரத்தில்! துறையூர்க்காரர்கள் இனி வெட்கப்பட வேண்டியதில்லை. 1981-இல் 'கவேஷணி' என்ற நமது கப்பல் கடலடியிலிருந்து உலோகக் கட்டிகளை எடுத்து வந்தது. பேரலைக்குப் பின் 'நிரூபக்' என்ற அளவைக் கப்பல், ஆஸ்பத்திரியாக மாறி இந்தோனேசியாவுக்குச் சென்றது. கல்கத்தாவில் கட்டிய புதிய 'சந்தாயக்' 2024-இல் கடற்படையில் சேர்ந்தது.

2007-இல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'சாகர் நிதி' போன்ற கப்பல்கள் நடுக்கடலில் மிதவைகளை நிறுத்துகின்றன. அடியில் கிடக்கும் கருவி நீரின் அழுத்தத்தைக் கவனிக்கும். மிதவை அச்செய்தியை வானத்துக் கோளுக்கு அனுப்பும். சில சமயம் மீன் பிடிப்போர் படகுகளை அம்மிதவைகளில் கட்டிச் சேதப்படுத்திவிடுகிறார்கள். அவற்றைச் சீராக்கக் கப்பல் மறுபடி போகவேண்டியிருக்கிறது. அது போய்ச் சேரும் வரையில் அந்த இடத்திலிருந்து செய்தி வராது.