எண்ணிக்கையா, தரமா? பொழுதுபோக்குப் பூங்காக்களின் கணக்கு

கோடை விடுமுறை நெருங்கும்போது, பிள்ளைகளை எந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வது என்ற கேள்வி பல இல்லங்களில் எழுகிறது. ஒரு பூங்கா தன்னிடம் ஐம்பது சவாரிகள் இருப்பதாக விளம்பரம் செய்கிறது. மற்றொன்று மிக உயரமான ரோலர் கோஸ்டர் ஒன்றையே முன்னிறுத்துகிறது. நுழைவுச்சீட்டு, உணவு, போக்குவரத்து எல்லாம் சேர்ந்தால் நால்வர் கொண்ட குடும்பத்திற்கு ஒரே நாளில் பல ஆயிரம் ரூபாய் செலவாகிறது. ஆதலால், சவாரிகளின் எண்ணிக்கை பெரிதா, தரம் பெரிதா என்று சற்றே கணக்கிட்டுப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

நம் நாட்டில் இத்துறை வயதில் இளையது. 1984ஆம் ஆண்டு நவம்பரில் தில்லி பிரகதி மைதானத்தில் 'அப்பு கர்' திறக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் சின்னமாக விளங்கிய யானைக்குட்டியின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 1989இல் மும்பை கோராயில் எஸ்ஸெல் வேர்ல்டும், 2000இல் கொச்சியில் இன்று வொண்டர்லா எனப்படும் வீகாலேண்டும், 2013இல் மும்பைக்கும் புணேக்கும் இடையே கோபோலியில் இமேஜிகாவும் தொடங்கப்பட்டன.

பொருட்காட்சித் திடலில் ஒவ்வொரு ராட்டினத்திற்கும் தனித்தனியே சீட்டு வாங்குகிறோம். அமெரிக்காவின் டிஸ்னிலேண்டும் 1955இல் தொடங்கிய பின் நெடுங்காலம் சவாரிகளைத் தரம் பிரித்துக் கூப்பன் புத்தகங்களை விற்றுவந்தது. 1982இல் அம்முறையைக் கைவிட்டு ஒரே கட்டணத்திற்கு மாறியது. இன்று நம் நாட்டின் பெரிய பூங்காக்களிலும் ஒரே கட்டணமே வழக்கம். தனிச்சீட்டு முறையில் சவாரியின் மதிப்பை அதன் விலை சொல்லிவிடும். ஒரே கட்டண முறையிலோ, ஒவ்வொரு சவாரிக்கும் நாம் கொடுக்கும் விலை நம் நேரமே.

எடுத்துக்காட்டாக, நுழைவுக் கட்டணம் ரூ.1,200 என்றும், உணவு, ஓய்வு போக நம்மிடம் 6 மணி நேரம் உள்ளது என்றும் கொள்வோம். காத்திருப்பும் சவாரியும் சேர்ந்து ஒவ்வொன்றுக்கும் 30 நிமிடம் ஆனால், நாம் அனுபவிப்பவை 12 சவாரிகள். ஒன்றின் விலை ரூ.100. அதுவே 20 நிமிடமானால் 18 சவாரிகள். ஒன்றின் விலை ஏறத்தாழ ரூ.67. பூங்காவில் இருப்பவை முப்பதா, ஐம்பதா என்பது இந்தக் கணக்கில் நேரடியாக நுழைவதே இல்லை.

காத்திருப்பைக் குறைப்பது எது? ஒரு ரோலர் கோஸ்டரில் 20 இருக்கைகள் கொண்ட ஒரே தொடர் ஓடுகிறது எனக் கொள்வோம். ஏறி இறங்க 2 நிமிடம், ஓட்டம் 2 நிமிடம் என்றால் மணிக்கு 300 பேர் பயணிக்கலாம். ஒன்று ஓடும்போதே மற்றொன்றில் ஆள் ஏறும்படி இரண்டாவது தொடரைச் சேர்த்தால் அது 600 ஆகிவிடும். பெயர்ப்பலகையில் சவாரிகளின் எண்ணிக்கை மாறாது, வரிசையோ பாதியாகும். ஏறுவோரற்ற பத்துச் சிறு ராட்டினங்களைப் புதிதாக நிறுவினாலும் இப்பயன் கிட்டாது.

எனினும், எண்ணிக்கையை முற்றிலும் புறந்தள்ளவும் இயலாது. நம் குடும்பங்களில் மூன்று தலைமுறையினர் சேர்ந்தே செல்கின்றனர். உயர வரம்பினால் சிறுவரும், உடல்நிலையால் முதியோரும் பெரிய சவாரிகளில் ஏற முடிவதில்லை. அவர்களுக்கென்று நீர் விளையாட்டுகளும் மென்மையான சவாரிகளும் இல்லாவிடில், வீட்டுப் பெரியவர் நாள் முழுதும் பைகளைக் காவல் காக்க நேரிடும். ஆகவே, எண்ணிக்கை பலவகையாய் அமையும்போதுதான் அதற்குப் பொருள் உண்டு. ஒரே சாயலில் சுழலும் ஏழெட்டு ராட்டினங்கள் எண்ணிக்கைக்கு மட்டுமே உதவும்.

தரம் என்பதில் முதலிடம் பெறுவது பராமரிப்பு. 2019ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரைப் பூங்காவில், ஊசலைப் போல் ஆடும் ராட்டினம் ஒன்று முறிந்து விழுந்ததில் இருவர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். இயந்திரம் வாங்கிய நாளிலிருந்தே தேய்மானம் தொடங்கிவிடுகிறது. புதிய சவாரி ஒவ்வொன்றும் புதிய வருவாயை மட்டுமன்றி, நாள்தோறும் சோதிக்க வேண்டிய அச்சுகளையும் பூட்டுகளையும் உடன் கொண்டுவருகிறது. சோதிக்கும் ஆற்றலுக்கு மேல் சவாரிகளைப் பெருக்குவது, ஈட்டும் ஆற்றலுக்கு மேல் கடன் வாங்குவதற்கு ஒப்பானது.

முதலீட்டுக்கும் இது பொருந்தும். இமேஜிகாவின் 'நைட்ரோ' ரோலர் கோஸ்டர் தரத்தில் பெயர் பெற்றது. ஆயினும் பெருமளவு கடனைக் கொண்டு எழுந்த அப்பூங்காவின் வருவாய் அச்சுமைக்கு ஈடுகொடுக்கவில்லை. 2022இல் கடன் தீர்வின் வழியாக அது மல்பானி குழுமத்தின் கைக்கு மாறியது. வொண்டர்லாவோ 2000இல் கொச்சி, 2005இல் பெங்களூரு, 2016இல் ஐதராபாத் என இடைவெளி விட்டு விரிந்தது. சில சவாரிகளைத் தானே வடிவமைத்துத் தயாரித்தும் கொள்கிறது. தரமும் தாங்கக்கூடிய செலவில் அமைய வேண்டும் என்பதை இவ்விரண்டும் உணர்த்துகின்றன.

ஆகவே, நம் தீர்ப்பு தரத்தின் பக்கமே. வீட்டில் உள்ள ஒவ்வொரு வயதினருக்கும் ஏற்ற சில சவாரிகள் இருந்து, அவை பழுதின்றியும் விரைந்து நகரும் வரிசையோடும் இயங்குமானால், இருபது சவாரிகள் கொண்ட பூங்காவே ஐம்பது கொண்டதைவிடச் சிறந்ததாகும்.

சீட்டு வாங்குமுன் மூன்று செய்திகளைக் கேட்டறிவது நலம். பராமரிப்புக்காக அன்று மூடப்பட்டுள்ள சவாரிகள் எவை? நம் பிள்ளைகளின் உயரத்திற்கு அனுமதிக்கப்படுபவை எத்தனை? கூட்டம் குறைந்த வார நாளில் கட்டணம் எவ்வளவு? அன்று ஒரு சவாரி சோதனைக்காக நிறுத்தப்பட்டிருந்தால் மனம் சலிக்க வேண்டாம். ஓடும் மற்றவற்றில் நம் பிள்ளைகளை நம்பி ஏற்றுவதற்கு அந்தச் சோதனையே காரணமாகிறது.